மூன்று விரல் இடைவெளி

எங்கள் வீட்டின் உள்ளளவு 310 சதுர அடி. பத்திரத்தில் இருக்கிற அளவு வேறு. இது நானே டேப் பிடித்து அளந்தது. ஹால் 12-க்கு 10, படுக்கையறை 10-க்கு 9, சமையலறை 8-க்கு 6. மீதி, குளியலறையும் செருப்பை விட்டுக் குடையைச் சாத்துகிற நடையும். இதற்குள் நான், அம்மா, பிளஸ் டூ படிக்கிற மகன். சனிக்கிழமை ராத்திரி திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டால் நாலு பேர். குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் நான். எதையும் எண்ணாக எழுதி வைப்பது பழகிப்போன வேலை. இந்த வீட்டுக்குச் செய்த மரவேலைக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வேலை தொடங்கியது போன வருஷம் ஐப்பசியில், முடிந்தது கார்த்திகைக் கடைசியில். ஹாலில் மகனுக்குச் சுவரோடு மடங்குகிற கட்டில், படுக்கையறையில் துணி அலமாரி, அம்மாவுக்கு அடியில் டிராயர் வைத்த ஒற்றைக் கட்டில், ஜன்னலடியில் ஒரு பெஞ்சு, சமையலறையில் மடக்கு மேசை, நடையில் ஒரு துணிக்கொடி. முடிந்த வாரமே கீழ் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எப்படி, ஆசாரி நல்லா செய்றாரா என்று கேட்டார்கள். ஒரு வருஷம் பொறுங்கள் என்றேன். மலையில் மரச்சாமானைப் பற்றி ஒரு பனியும் இரண்டு மழையும் தாண்டாமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது. இப்போது தாண்டியாயிற்று.

செய்து கொடுத்த ஆசாரிக்கு மார்க்கெட் பக்கம் சின்னப் பட்டறை. அவரும் ஒரு கையாளும் மட்டும். பேரும் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்ட வேலைகளையே சொன்ன தேதியில் முடிக்க முடியவில்லை என்பது அவருடைய கவலை. அது உண்மைதான், அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் பழைய கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிவந்த புதிதில் சமவெளியில் ஒரு பெரிய கடையில் ஹைட்ராலிக் கட்டில் வாங்கினோம். ஆறுக்கு ஐந்து. மெத்தைப் பலகையைத் தூக்கினால் அடியில் முழுக்கப் பெட்டி. விற்றவர் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். அது சித்திரை மாதம். இங்கே வந்து முதல் மார்கழியில், விடியற்காலை அம்மா கம்பளி எடுக்கப் பலகையைத் தூக்கியிருக்கிறார். தூக்கவே சிரமப்பட்டு, பாதியில் கையை விட்டிருக்கிறார். பலகை நிற்காமல் மெல்லக் கீழே வந்துவிட்டது. விரல் நசுங்கவில்லை, தெய்வாதீனம். ஆனால் அதற்குப் பிறகு அம்மா அந்தக் கட்டிலைத் தொடுவதே இல்லை.

பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட இருந்தேன். மகன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். கட்டிலைத் தூக்கிப் பிடிக்கிற அந்தக் குழாய்க்குள் இருப்பது அழுத்தி அடைத்த வாயு. குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 10 டிகிரி குறைந்தால் சுமார் 3 சதவீதம் பலம் போகும். கடையில் 30 டிகிரி. எங்கள் அறையில் அன்று காலை 11. பத்தொன்பது டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 சதவீதம். குழாய் ஒன்றுக்கு 800 நியூட்டன் என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 நியூட்டன் காணாமல் போகிறது. குழாய் நிற்கிற இடத்தில் அது 10 கிலோ சுமைக்குச் சமம். கட்டில் நுனியைப் பிடித்துத் தூக்குகிற கைக்கு அதில் ஒரு பங்குதான் தெரியும். ஆனால் ஏற்கெனவே மெத்தைக்கும் குழாய்க்கும் மட்டுமட்டாக இருந்த கட்டிலில், எழுபத்து நாலு வயதுக் கைக்கு அந்த ஒரு பங்கு போதும்.

அதைவிட மோசம் உள்ளே இருந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து திறந்து பார்த்தபோது, கல்யாணத்துக்கு வந்த ரஜாய்ப் போர்வை இரண்டும் பச்சைப் பொட்டுப் பொட்டாகப் பூசணம் பூத்துக் கிடந்தன. நாலு பக்கமும் மூடிய பெட்டி, அழுத்திய தூள் பலகை, வெளிச்சுவரை ஒட்டிய தலைமாடு. ஓதம் உள்ளே போய்விட்டது, வெளியே வர வழி இல்லை. ரஜாயைத் துவைத்து இரண்டு வாரம் மாறிமாறி வெயில் காட்டியும் அந்த வாடை போகவில்லை. கட்டிலில் குற்றமில்லை. இப்போது அது திருப்பூரில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது, நன்றாகவே உழைக்கிறது. அது சமவெளிக் கட்டில், அவ்வளவுதான்.

சின்ன வீட்டுக்கு என்று சொல்லப்படுகிற யோசனைகளில் பெரும்பாலானவை சென்னை, மும்பை மாதிரி ஊர்களுக்கானவை. சுவருக்குச் சுவர் அலமாரி, தரையிலிருந்து கூரை வரை பலகை, ஒரு அங்குலம் விடாதே என்பார்கள். இங்கே முதல் வித்தியாசம், சாமானே அதிகம். ஆளுக்கு நாலு ஸ்வெட்டர், இரண்டு கம்பளி, ஒரு ரஜாய், மழைக்கோட்டு, குல்லா, சாக்ஸ். நாலு பேர் குடும்பத்தின் குளிர்த்துணி மட்டுமே எங்கள் பழைய ஸ்டீல் பீரோவை நிரப்பிவிடும். இரண்டாவது வித்தியாசம் ஓதம். மூடிய வீட்டில் நம் மூச்சும் உலைக்கொதியும் வெந்நீர் ஆவியும் சேர்ந்து காற்று ஈரமாகிறது. அந்தக் காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டதும் நீராக முத்துகிறது. திறந்த சுவர் என்றால் பகலில் காய்ந்துவிடும். பீரோவை ஒட்டி வைத்திருந்தால் அதன் முதுகுப்பக்கம் காயவே காயாது. மழைக்காலம் முடிந்து பீரோவை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புச் சுவர் தெரியும்.

வீடு பெரிதாக வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993-இல் வந்தன. 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்றன அவை. மலைக்கும் மண்ணுக்கும் அது நல்லது, நான் அந்த விதியின் பக்கம்தான். ஆனால் மேலே போக முடியாத ஊரில் சமநிலமும் குறைவு என்னும்போது, எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது முந்நூறு நானூறு சதுர அடிதான். இருக்கிற இடத்தைச் சரியாக ஆள்வதுதான் வழி.

அம்மாவுக்குச் சின்ன இடம் புதிதில்லை. 1964-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து இந்தியா வந்த குடும்பங்களில் அம்மாவுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது தாத்தா கையில் ஒரு டிரங்குப் பெட்டி. நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில். ஒரே அறை, ஏழு பேர். அந்த டிரங்குப் பெட்டி நாலு செங்கல் மேல், சுவரை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். நாங்கள் விளையாடும்போது அதைச் சுவரோடு தள்ளிவிட்டால் அம்மா வந்து மறுபடியும் இழுத்து வைப்பார். இடுக்கில் கையை விட்டுப் பார்ப்பார். “மூணு விரல் போவணும் புள்ள. ஒட்டி வெச்சா ஓதம் காத்துரும்.” அடுப்புக்கு மேலே பரண், விறகு அதில் காயும், மழை நாளில் எங்கள் பள்ளிக்கூடத் துணியும் அதன் ஓரத்தில் காயும். ஏழு பேர் வீட்டில் எதுவும் பூசணம் பிடித்துத் தூக்கி எறிந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆசாரிக்கு முன்னால் சமவெளியிலிருந்து ஒரு உள் அலங்கார நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் அழகான படம் போட்டுக் காட்டினார். மூன்று சுவரிலும் பலகை, இடைவெளியே கிடையாது. 2,10,000 ரூபாய். அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “செவுரு எங்க?” என்று கேட்டார். அவரிடம் அதற்குப் பதில் இல்லை.

ஆசாரி வந்த அன்று டேப்பை எடுப்பதற்கு முன்னால் சுவரைத் தொட்டார். உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார். எந்தச் சுவர் வெளிச்சுவர், மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும், சமையல் ஆவி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் அளவு எடுத்தார். “அலமாரி எல்லாம் உள்சுவத்துலதாம்மா. வெளிச்சுவத்துல பெஞ்சு மட்டும். பின்னாடி ரெண்டு இஞ்ச் விட்டுருவேன், எடம் போச்சேன்னு சொல்லக் கூடாது” என்றார். ரெண்டு இஞ்ச் என்றால் எவ்வளவு என்று அம்மா கேட்க, அவர் மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். அந்த இடத்திலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

அந்த இடைவெளியால் எவ்வளவு இழக்கிறேன் என்று அன்று ராத்திரியே போட்டுப் பார்த்தேன். துணி அலமாரி 9 அடி நீளம். 2 அங்குலத்துக்கு ஒன்றரைச் சதுர அடி. சுவர்க்கட்டில் 6 அடி 9 அங்குலம். ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் சுமார் 2.6 சதுர அடி. பழைய ஆறுக்கு ஐந்து கட்டில் தின்றது 30 சதுர அடி. ஹாலில் மகனுக்குப் போட்டிருந்த ஒற்றைக் கட்டில் இன்னொரு 19. அந்த 2.6-ஐக் காற்றுக்குக் கொடுக்க எனக்கு வருத்தமே வரவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் சுவர்க்கட்டில், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

இதற்கு வெளிநாட்டில் மர்ஃபி கட்டில் என்று பேர். சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி என்பவர் 1900-களின் தொடக்கத்தில் செய்து காப்புரிமை வாங்கியது. எங்களுடையது நெட்டாக நிற்பதில்லை, பக்கவாட்டில் மடங்குவது. மூடியிருக்கும்போது 6 அடி 9 அங்குல நீளம், மூன்றரை அடி உயரம், 16 அங்குல ஆழமுள்ள ஒரு பெட்டி. மேல்பலகையில் சாமி படமும் டிவியும். முன்பக்கத்தில் ஒரு பலகையை இறக்கினால் படிக்கிற மேசை. ராத்திரி மேசைப் பலகையைப் பொருத்திவிட்டுக் கொண்டியை விடுவித்து இழுத்தால் கட்டில் இறங்கும், முன்கால்கள் தானாக விரியும்.

ஆசாரி இதில் காட்டிய அக்கறை மூன்று இடத்தில் தெரிகிறது. ஒன்று, சுவர். ஹாலின் உள்சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். இதில் நேரே போல்ட் அடித்தால் சுவர் பிய்ந்து வரும் என்று, தரையிலிருந்து கூரை வரை இரண்டு இரும்பு ஆங்கிள் நிறுத்தி, மேலும் கீழும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு, கட்டில் பெட்டியை அதில் மாட்டினார். நடுவில் இரண்டு அங்குல ரீப்பர் கட்டை. பெட்டி சுவரைத் தொடவே இல்லை. சுவர்க்கட்டில் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எதில் மாட்டப் போகிறீர்கள் என்பதைத்தான். தூங்குகிற பிள்ளையின் பாதுகாப்பு அந்த நாலு போல்ட்டை நம்பியிருக்கிறது.

இரண்டாவது, படுக்கைப் பலகை. ஒரே பிளைவுட்டாகப் போடாமல் சட்டமாகப் போட்டார், சட்டத்துக்குச் சட்டம் இரண்டு அங்குலம் விட்டு. சட்டங்கள் சில்வர் ஓக். டீத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற, மிளகுக் கொடி ஏறுகிற அதே மரம். எடை குறைவு, இங்கேயே கிடைக்கிறது. ஆனால் நன்றாகக் காயாத மரத்தைப் போட்டால் முறுக்கிக்கொள்ளும், மருந்து காட்டாவிட்டால் உளுத்துப்போகும். பட்டறையில் பல மாதம் அடுக்கி வைத்துக் காய்ந்த பலகையைத்தான் எடுத்தார். மெத்தை நாலு அங்குலம். பெட்டியின் பின்பலகையில் மேலும் கீழும் வரிசையாகத் துளை. காலையில் எழுந்ததும் கட்டிலை மூடாதீர்கள், ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டு மூடுங்கள் என்று சொல்லிப் போனார். உடம்புச் சூட்டோடு ஈரம் மெத்தையில் இருக்கும், அப்படியே மடக்கினால் பழைய ரஜாய் கதைதான். மகன் பல் தேய்த்து, டீ குடித்துவிட்டு வந்துதான் மடக்குகிறான். ஒரு வருஷமாக மெத்தையில் ஒரு பொட்டு இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மறக்க முடியாதது. வாயுக் குழாய் பொருத்துகிற அன்று, காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டினார். இவ்வளவு சீக்கிரமா அண்ணே என்றேன். “மத்தியானம் பாத்தா எல்லாம் சரியாத்தாம்மா இருக்கும். குளுர்ல பாக்கணும்” என்றார். இரண்டு பலத்தில் குழாய் கொண்டுவந்திருந்தார். முதலாவதைப் பொருத்தி, அம்மாவைத் தூக்கச் சொன்னார். அம்மா முகத்தைப் பார்த்தார். கழற்றிவிட்டு அடுத்த பலத்தைப் பொருத்தினார். அம்மா ஒரு கையால் தூக்கினார். அதற்குப் பிறகுதான் டீ குடித்தார். கோடை மத்தியானத்தில் இது கொஞ்சம் வேகமாக மேலே போகிறது, உண்மைதான். அதற்குக் கையால் பிடித்துக்கொண்டால் போதும்.

துணி அலமாரி அழகுக்குச் செய்ததில்லை, வேலைக்குச் செய்தது. நாலு அங்குலக் கால் மேல் நிற்கிறது. கதவின் மேலும் கீழும் சாய்வுப் பட்டை வைத்த காற்றுவழி. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே வெளியேறும். அடியிலும் சமையலறையிலும் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், மற்ற இடத்தில் அதற்கு அடுத்த தரம். எல்லாம் மரைன் போட்டால் 15,000 ரூபாய் கூடும், தேவையில்லை என்று அவரேதான் சொன்னார். ஆனால் வெட்டிய ஓரம் ஒன்றைக்கூட விடாமல் பெயிண்ட் அடித்து அடைத்தார், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான். மேல் தட்டில் ரஜாய்க்கு மூன்று அறை. அதற்குப் பழைய பாவாடைத் துணியில் அம்மா உறை தைத்திருக்கிறார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே மாட்டிக்கொள்கிற ஈரம் வெளியே போகாது.

அம்மாவின் கட்டில் மூன்றடி அகலம். அடியில் சேனல் வைத்த டிராயர் இரண்டு, குனிந்து இழுத்தால் போதும், எதையும் தூக்க வேண்டியதில்லை. டிராயரின் அடிப்பலகையிலும் துளை. அதில் இப்போது அம்மாவின் புடவைகளும், இலங்கையிலிருந்து வந்த அந்த டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களும் இருக்கின்றன.

ஜன்னல் பெஞ்சு எங்கள் சோபாவை வெளியே அனுப்பிய சாமான். 7 அடி நீளம், நாலு பேர் உட்காரலாம். வெளிச்சுவர் என்பதால் உள்ளே துணி வேண்டாம் என்று ஆசாரி முதலிலேயே சொல்லிவிட்டார். குடை, ரப்பர் பூட்ஸ், மகனின் கிரிக்கெட் பேட், அரிசி அளக்கிற படி, இதுபோல ஓதம் தாங்குகிறதுதான். மாலையில் அம்மா அதில் உட்கார்ந்து மலை ரயில் ஊதுகிற சத்தத்துக்குக் காத்திருப்பார். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

சமையலறையைப் பற்றி அதிகம் இல்லை. மடக்கு மேசை இரண்டடிக்கு ஒன்றரை, காய் நறுக்கவும் இருவர் சாப்பிடவும் சரி. சிலிண்டர் வைக்கிற அறையின் கதவில் அடிப்பக்கம் காற்றுவழி விட்டிருக்கிறார். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். அழகு கெடும் என்று யார் சொன்னாலும் அந்தத் துளை வைக்காமல் விடாதீர்கள்.

துணிக்கொடி, கப்பியும் கயிறும் வைத்து நடையின் கூரையில் தொங்குகிறது. கயிற்றை விட்டால் கீழே வரும், துணி போட்டு இழுத்துக் கட்டினால் தலைக்கு மேலே போய்விடும். நடையின் ஜன்னல் பக்கம் என்பதால் ஈரம் ஹாலுக்குள் வருவதில்லை. இதற்கு முன்னால் மழைக்காலத்தில் நாற்காலி, கதவு, கட்டில் எல்லாவற்றிலும் துணி கிடக்கும். ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. துணி காயவும் குளிருக்கும் என்று கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்து ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வீட்டில் அது உயிரைக் கொண்டுபோய்விடும். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. துணி ஈரமாகவே கிடக்கட்டும், அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் ஆனது. பர்லியாறு பக்கம் மண் சரிந்து பிளைவுட் வண்டி மேலே வராமல் நின்ற நாட்கள் போக, மீதி அவருடைய தாமதம்தான். தீபாவளிக்கு முன்னால் வேறு ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டு, எட்டு நாள் போனை எடுக்கவில்லை. பாதி அவிழ்த்த வீட்டில் தீபாவளி கொண்டாடினோம். அம்மா தரையில் படுத்தார், குளிர் அவருக்கு முழங்காலில் இறங்கிவிட்டது. அதை நான் ஆசாரியிடம் நேரிலேயே சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், மறுநாளிலிருந்து ஒரு நாள்கூட நிற்கவில்லை. இருந்தாலும் போனை எடுத்துத் தள்ளிப்போகும் என்று சொல்லியிருக்கலாம்.

சுவர்க்கட்டிலின் மேல் கொண்டி இரண்டில் ஒன்று தளர்ந்திருக்கிறது. அழுத்தினால்தான் விழுகிறது. அது ஆபத்தில்லை, இன்னொன்று உறுதியாக இருக்கிறது. ஆனாலும் கட்டில் விஷயத்தில் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். மேசைப் பலகையின் கீல் ஐந்தாம் மாதம் கிறீச்சிட ஆரம்பித்தது, எண்ணெய் விட்டதும் போயிற்று. பில் என்று ஒன்று தர அவருக்குப் பழக்கமில்லை. நான் வற்புறுத்திய பிறகு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். நீங்கள் வேலை கொடுத்தால் ஒவ்வொரு வாரமும் சாமான் ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் மறைக்கிறவர் இல்லை. கேட்டால் எல்லா ரசீதும் பட்டறை ஆணியில் குத்தியிருக்கும்.

செலவு: மரமும் பிளைவுட்டும் 61,400. கீல், சேனல், குழாய், ஆங்கிள், போல்ட் 24,700. கூலி 46,500. வண்டி வாடகை 6,000. மொத்தம் 1,38,600 ரூபாய். பழைய கட்டில் இரண்டையும் கொடுத்ததில் எதுவும் வாங்கவில்லை, சோபாவுக்கு 4,000 கிடைத்தது.

கையில் வலு உள்ளவர்கள் மட்டும் இருக்கிற வீடு, வெயில் நன்றாக விழுகிற வீடு என்றால் இவ்வளவு காற்றுவழி தேவைப்படாமல் இருக்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் சுவர்க்கட்டிலை யோசித்துச் செய்ய வேண்டும். ஆங்கிளைக் கழற்றினால் கான்கிரீட்டில் ஓட்டை மிஞ்சும். அவர்களுக்கு டிராயர் கட்டிலும் கால் வைத்த அலமாரியும் போதும். வேலையை மாசி, பங்குனியில் தொடங்குங்கள். எங்களைப் போல ஐப்பசியில் தொடங்காதீர்கள், மழையில் பாலிஷ் காயாது, மரமும் ஈரம் இழுக்கும்.

இந்தக் கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் டார்ச் அடிக்க, அலமாரிக்குப் பின்னால் முழுக்கப் பார்த்தோம். சுவரில் அடித்த வெள்ளை அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு டார்ச்சில் நம்பிக்கை இல்லை. மூன்று விரலைச் சேர்த்து இடுக்கில் விட்டு, மேலிருந்து கீழே தடவி, விரலை மோந்து பார்த்தார். “காஞ்சிருக்கு” என்றார்.

கீழ் வீட்டுக்காரர்களுக்கு அளவு எடுக்கத் தை பிறந்ததும் ஆசாரி வருகிறார். அப்படியே எங்கள் கொண்டியையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.